துணிவு எங்கே இருந்து வரும்? விசுவமடுத் தங்கச்சிக்கு ஒரு நீண்ட பதில்

விசுவமடுவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 20. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டு தடவை எழுதியும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் காணவில்லை. சின்ன வயதில் இருந்தே மாமாவோடு நின்று வோட்டர் பம்ப், லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மிசின்) திருத்தப் பழகியவர். அதையே முறையாகப் படித்து, ஊரில் ஒரு திருத்துமிடம் போட விருப்பம். அம்மா மூன்றாம் தரமும் எழுது, இல்லாவிட்டால் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு இரு என்கிறார். பிரான்சில் இருக்கும் அண்ணா கல்யாணம் பேசுகிறார். அயலில் ‘பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன கராஜ்’ என்று சிரிப்பு. “எனக்குத் துணிவு காணாது, அது எப்படி வரும்?” இதுதான் கேள்வி.

கிளிநொச்சிப் பக்கம் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் வேலையில் கனகாலமாக இருக்கிறேன். இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவருக்கு ஆட்டுப்பண்ணை, ஒருவருக்கு நாடகம், இன்னொருவருக்குக் கணினி. ஆனபடியால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கச்சி, உங்களுக்குத் துணிவு காணாது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆம்பிளைகள் சுற்றி நின்று பார்க்க எஞ்சினைக் கழற்றிப் பூட்டின பிள்ளை நீங்கள். குறைவாக இருப்பது இரண்டு விஷயம். உங்கள் யோசனையை வீட்டுக்காரர் கணக்குப் பார்க்கக்கூடிய விதமாக இன்னும் முன்னால் வைக்கவில்லை. சரிவராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு ஒழுங்கு செய்யவில்லை. இந்த இரண்டையும் செய்தால் உங்கள் பயமும் குறையும், அம்மாவின் பயமும் குறையும்.

முதலில் நீங்கள் இருக்கிற ஊரைப் பாருங்கள். விசுவமடுவின் பெரும்பகுதி, படித்த வாலிபருக்குக் காணி கொடுத்துக் குடியேற்றிய இளைஞர் திட்டத்தில் எழும்பியது. முத்தையன்கட்டும் அப்படித்தான். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த பெடியள் கத்தியும் கோடரியுமாக இங்கே வந்தார்கள். அந்தக் காலத்தில் வன்னிக்குப் போகிறேன் என்றால் வீட்டில் அழுகைதான். யானை, பாம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மலேரியா. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே 2016இல்தான் என்றால், 50, 60 வருடத்துக்கு முன்னர் இந்தக் காட்டுக்குள் வந்து கொட்டில் போடுவது எப்படிப்பட்ட முடிவு என்று யோசித்துப் பாருங்கள். கிளிநொச்சி நகரமே 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கியதுதான். 1977 கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று உங்களோடுதான் படிக்கிறார்கள். வன்னியில் எந்த வீட்டைக் கேட்டாலும் இரண்டு தலைமுறை பின்னால் போனால், யாரோ ஒருவர் வீட்டார் வேண்டாம் என்று சொல்ல வெளிக்கிட்டு வந்தவராக இருப்பார்.

அந்த இளைஞர் திட்டக்காரரின் கதையில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பிழை. 1970களில் அன்றைய அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் செத்தல் மிளகாய் போட்டவர்கள் நல்ல காசு கண்டார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, விலை இறங்கியது. உழைப்பு அதே உழைப்பு, மண் அதே மண். சந்தை மாறிவிட்டது. ஆகவே துணிந்து இறங்குவது ஒரு வேலை, இறங்கிய தொழிலுக்கு வெளியில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொரு வேலை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது வயல்காரர் பட்ட பாட்டை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

இனி அம்மாவிடம் வருவோம். என் பார்வையில் உங்கள் கேள்வியின் நடு இதுதான்.

உங்கள் அம்மாவின் வயதுக்காரர் வன்னியில் எதைக் கண்டு வந்தவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கட்டின வீட்டை விட்டு, விதைத்த வயலை விட்டு, திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தவர்கள். 2009இல் முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம், பிறகு தறப்பாளுக்குக் கீழே முதலில் இருந்து தொடக்கம். ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் துணிவு எங்கே போய் முடிந்தது என்பதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். அவர்களுக்கு முன்னால் போய் நின்று “நான் துணிந்துவிட்டேன்” என்றால் அவர்கள் நெஞ்சு பதறத்தான் செய்யும். அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள்.

அரச உத்தியோகத்தின் மேல் இருக்கும் பிடிப்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. யுத்தம் நடந்த வருடங்களில், பாதை பூட்டிக் கிடந்தபோதும், வன்னிக்குள் இருந்த ஆசிரியர்களுக்கும் கச்சேரி (மாவட்டச் செயலகம்) உத்தியோகத்தர்களுக்கும் கொழும்பில் இருந்து சம்பளம் வந்தது. தோட்டக்காரர், கடைக்காரர், கடற்றொழிலாளர் எல்லோரும் ஒரே நாளில் ஒன்றும் இல்லாமல் போனபோது, அந்தச் சம்பளம் மட்டும் நிற்கவில்லை. அதைப் பார்த்த தாய் தன் பிள்ளைக்கு அந்த வேலையைத்தான் கேட்பார். நான் அம்மாவாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அந்த வேலை இன்றைக்கு முன்னைப்போல் வரிசையில் நின்றால் கிடைக்கிற ஒன்றாக இல்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். பட்டம் முடித்தவர்களே அப்படி. விண்ணப்பம் போடுங்கள், நான் தடுக்கமாட்டேன். விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை வெறுங்கையோடு இருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அம்மாவோடு கதைக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிட்டது இந்தச் சனம்தான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து ஒரு துளி எண்ணெயில் படித்தது எல்லாம் உங்கள் அம்மாவின் பள்ளிக்கூடக் காலம். அவரிடமே கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். மிசின் வேலையைப் பிள்ளை பிடித்துக்கொண்டு வந்தது எங்கே இருந்து என்று அவருக்கும் அப்போது கொஞ்சம் விளங்கும்.

பிறகு யோசனையைக் காகிதத்தில் வையுங்கள். “எனக்கு விருப்பம்” என்று சொன்னால் பெரியவர்கள் அதைப் பிள்ளைப் பிடிவாதம் என்றுதான் எடுப்பார்கள். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: “அம்மா, எனக்கு ஒன்றரை வருடம் தாங்கோ. இந்தப் பயிற்சியில் சேருகிறேன். வார இறுதியில் மாமாவோடு வேலை செய்து என் பஸ் காசை நானே பார்க்கிறேன். அந்தக் காலம் முடிய இவ்வளவு உழைக்கிற நிலைக்கு வராவிட்டால், நீங்கள் சொல்கிறதைப் பற்றி இருந்து கதைப்போம்.” தவணை இருக்கிறது, தொகை இருக்கிறது, சரிவராவிட்டால் என்ன என்பதும் இருக்கிறது. இப்படிக் கேட்ட தாய்மாரில் உடனே ஓம் சொல்லாதவர்கள் உண்டு. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களை நான் அதிகம் காணவில்லை.

ஒரு கொப்பி வாங்குங்கள். மாமாவோடு செய்கிற ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள்: திகதி, என்ன மிசின், என்ன பிழை, என்ன சாமான் மாற்றியது, சாமான் விலை, கூலி, திரும்பப் பழுதாகி வந்ததா. ஆறு மாதத்தில் அந்தக் கொப்பி உங்களுக்கே பாடம் சொல்லும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை பம்ப் வேலை கூட, புரட்டாதி, ஐப்பசியில் காலபோக உழவுக்கு லாண்ட்மாஸ்டர் வேலை கூட, மழை பிடித்த பிறகு கை சும்மா இருக்கும் என்பதெல்லாம் அதில் தெரியவரும். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள் அல்லவா, அந்த முடிவு உங்கள் வருமானத்தையும் தொடும். தண்ணீர் குறைந்த வருடத்தில் கிணற்றை நம்பித் தோட்டம் செய்கிறவர்கள் கூடுவார்கள்.

இந்தத் தொழில் வன்னிக்கு எவ்வளவு தேவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆவணி மாதம். ஒருவர் பம்பைக் கொண்டுவந்து “எஞ்சின் ஓடுது, தண்ணி இழுக்குதில்லை, ரிங் போட்டுத் தா” என்பார். தெரியாத ஆள் ரிங்கை மாற்றிக் காசையும் வாங்கிவிடுவார். தெரிந்த ஆள் முதலில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கேட்பார். உறிஞ்சும் பம்ப் எதுவானாலும் காற்றமுக்கத்தில்தான் தண்ணீரை எடுக்கிறது. கணக்குப்படி ஏறத்தாழ 10 மீற்றர், நடைமுறையில் 7 மீற்றர் அளவுக்கு மேல் ஒழுங்காக எடுக்காது. வெயில் காலத்தில் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் எஞ்சினைப் புதிதாக மாற்றினாலும் பலன் இல்லை. மட்டம் சரி என்றால் அடுத்தது உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு, குழாய்ப் பொருத்தில் காற்று இழுக்கிறதா, பிறகு சீல். கடைசியாகத்தான் எஞ்சின். மண்ணெண்ணெயில் ஓடுகிற மிசின் என்றால், நிற்பாட்ட முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிடாத பழக்கமே பாதிப் பழுதுக்குக் காரணம். மண்ணெண்ணெய் காபரேற்றரில் தங்கினால் அடுத்த நாள் ஸ்ரார்ட் எடுக்காது.

தண்ணீர் கீழே போய்விட்டது என்று தெரிந்ததும் சிலர் எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். பிறகு ஸ்ரார்ட் பண்ண ஆளும் இறங்குவார். அந்தப் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். பார்ப்பவர்களுக்கு அது துணிந்த வேலையாகத் தெரியும். தங்கச்சி, உங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொரு கமக்காரனுக்கும் “எண்ணெய் மிசினைக் கிணற்றுக்குள் இறக்காதேங்கோ, கரண்ட் இருந்தால் நீர்மூழ்கி மோட்டருக்கு மாறுங்கோ” என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே உங்களைப்போல் படித்த ஒரு ஆள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

‘பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன கராஜ்’ என்ற கதைக்கு நீங்கள் வாயால் பதில் சொல்லத் தேவையில்லை. முகமாலையில் வருடக்கணக்காக வெயிலில் முழங்காலில் இருந்து மிதிவெடி அகற்றியவர்களில் எத்தனை பெண்கள்! ஒரு அடி பிழைத்தால் உயிர் போகும் வேலையை வன்னிப் பெண்கள் செய்து, அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அவர்கள் துப்புரவாக்கிய நிலத்தில்தான் இன்று சனம் தென்னை வைக்கிறது. முல்லைத்தீவுப் பிள்ளை இந்துகாதேவி 2022இல் பாகிஸ்தானுக்குப் போய்க் குத்துச்சண்டையில் தங்கப்பதக்கம் எடுத்து வந்தபோது ஊரே மாலை போட்டு வரவேற்றது. அவர் பழகத் தொடங்கிய நாளிலும் யாரோ சிரித்துத்தான் இருப்பார்கள். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் மூத்தோர் தடகளத்தில் தங்கம் வென்றபோது அவருக்கு 72 வயது. பிந்திவிட்டேன் என்று 20 வயதில் கவலைப்படுகிற பிள்ளைகளுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன்.

படிப்புக்கு வழி நீங்கள் நினைப்பதைவிடக் கிட்ட இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 முதல் இயங்குகிறது. வாகனத் தொழில்நுட்பம், இயந்திரத் தொழில்நுட்பம், மின், உணவுத் தொழில்நுட்பம் எல்லாம் அங்கே உண்டு. தேசிய தொழில் தகைமை என்று சொல்கிற என்.வி.கியூ. 1 முதல் 7 வரை போகிறது. 4 என்றால் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி, 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். உயர்தரத்தில் வெட்டுப்புள்ளி காணாதவருக்கும் பட்டம் வரை போக இப்படி ஒரு பாதை இருக்கிறது. இதைப் பல பெற்றோருக்கு யாரும் சொல்லவே இல்லை. அதை விட, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் உண்டு, வேலைத்தளத்திலேயே பழகுவதற்கு நைற்றா என்கிற பயிலுநர் பயிற்சி அதிகாரசபை உண்டு. உங்கள் மாமாவைப்போல் படிக்காமல் கைப்பழக்கத்தில் கெட்டிக்காரராக வந்தவர்களும் தங்கள் திறமையைக் காட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள், அவருக்கும் பயன்படும். டிப்ளோமா மட்டத்துக்குப் போகும்போது ஆங்கிலம் இல்லாமல் கஷ்டம். இன்றைக்கே அந்தப் பம்பின் ஆங்கிலக் கையேட்டை எடுத்து வாசிக்கத் தொடங்குங்கள்.

மூன்றாம் தரம் பற்றி அம்மா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை வரை எழுதலாம். இடங்களில் 40 வீதம் முழுத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக்கு இந்த 5 வீதத்திலும் பங்கு இருக்கிறது. ஆகவே கொஞ்சத்தால் தவறியவர் திரும்ப எழுதுவது புத்தி. உங்கள் இசட் புள்ளியை எடுத்து, போன வருட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்ட நின்றால், எந்தப் பாடத்தை எப்படிக் கூட்டலாம் என்று ஆசிரியரோடு கதைத்து, ஒரே மனதாகப் படியுங்கள். தூரம் என்றால் அந்த ஒரு வருடத்தைத் தொழிலுக்குக் கொடுங்கள். மனம் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கமாக எழுதுவதில் மட்டும் பிரயோசனம் இல்லை.

காசு விஷயத்தில் கடுமையாகச் சொல்கிறேன். சாமான் வாங்க நுண்கடன் எடுக்காதீர்கள். வாராவாரம் வாசலில் வந்து நிற்கிற கடன் வன்னியில் எத்தனை குடும்பப் பெண்களை அழவைத்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018இல் அரசாங்கமே வறட்சியால் பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறுகடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. மாமாவின் திருத்தவேலைச் சாமான்களோடு தொடங்குங்கள். ஒரு நல்ல ஸ்பானர் செட், இடைவெளி அளக்க ஒரு பீலர் கேஜ், மின்சாரம் அளக்க ஒரு மல்ரிமீற்றர். கிடைக்கிற கூலியில் இருந்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். கடை என்று ஒன்றுக்கு வாடகை கொடுக்க முன்னர் வளவில் வீட்டோடு சேர்த்து ஒரு பத்தி (சாய்ப்பு) இறக்கினால் போதும். வேலை பிடித்த பிறகு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். மனிதவலுத் திணைக்கள உத்தியோகத்தரும் சிறுதொழில் உத்தியோகத்தரும் அங்கேதான் இருப்பார்கள், உதவித் திட்டம் ஏதும் வரும்போது பதிவு உள்ளவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

அண்ணாவின் பேச்சுக்கு என்ன செய்வது? கல்யாணம் உங்கள் முடிவு, அதில் நான் தலையிடமாட்டேன். தங்கச்சியின் எதிர்காலத்தை நினைத்துத்தான் அவர் சொல்கிறார். இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள், நேரே நீங்களே கதையுங்கள், அம்மா மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். கையில் ஒரு தகைமை இருந்தால் விசுவமடுவில் இருந்தாலும் பாரிசில் இருந்தாலும் அது உங்களுடையது. ஆனால் இதை வாசிக்கிற தம்பிமாருக்கு ஒன்று. படகிலும் கப்பலிலும் ஏற்றிவிடுகிறேன் என்று வருகிற முகவரின் கதையில் துணிவு என்ற சொல் அதிகம் வரும். 2022 கார்த்திகையில் 303 இலங்கையரோடு ஒரு கப்பல் நடுக்கடலில் தத்தளித்ததும், அவர்களை வேறொரு கப்பல் மீட்டு வியட்நாமில் இறக்கியதும் நினைவிருக்கட்டும். காணியை ஈடு வைத்துப் போனவர்களும் அதில் இருந்தார்கள். சட்டப்படி போக வழி இருந்தால் போங்கள், தொழிலைப் படித்துக்கொண்டு போங்கள்.

தங்கச்சி, அடுத்த வேலை அறிவியல் நகருக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதுதான். பரந்தன் வந்து, பஸ் மாறி ஏ9 வழியே போகலாம். பாடநெறி எப்போது தொடங்குகிறது, விண்ணப்பம் எப்போது கோருகிறார்கள் என்பதை முதலே தொலைபேசியில் கேட்டுவிட்டு ஒரு வேலை நாளில் காலையிலேயே போங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள், எல்லாவற்றிலும் மூலமும் பிரதியும் கொண்டுபோங்கள். உங்கள் கொப்பியையும் கொண்டுபோங்கள், பயிற்றுநர்கள் அதைக் கட்டாயம் புரட்டிப் பார்ப்பார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளோடு அவரை நேரே கதைக்க விடுங்கள். விடுதி உண்டா, வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் பிடிக்கலாமா என்பதையெல்லாம் அம்மாவே கேட்கட்டும். அவர் கேட்டு முடியும் மட்டும் நீங்கள் பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள்.